ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2: முதல் பெரும்போரை வெல்வதற்கான வழிகாட்டி

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டை ஆடத் தொடங்கும் நண்பர்கள் என்னிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "எனக்கும் 30 வீரர்கள், அவனுக்கும் 30 வீரர்கள்; ஆனாலும் அரை நிமிடத்தில் என் படை துடைத்தெறியப்பட்டது, அவனிடம் 20 பேர் மிஞ்சியிருந்தார்கள். எங்கே தவறினேன் என்றே தெரியவில்லை." அவர்கள் விரைவாகச் சொடுக்கத் தெரியாததுதான் காரணம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் பார்த்தவரை, மோதலுக்கு முந்தைய மூன்று நான்கு நிமிடங்களிலேயே பெரும்பாலான போர்களின் முடிவு தீர்மானமாகிவிடுகிறது. அந்த நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் படிப்படியாகச் சொல்லப்போகிறேன்.

என்செம்பிள் ஸ்டுடியோஸ் நிறுவனம் உருவாக்கி 1999இல் வெளிவந்த இவ்விளையாட்டின் புதுப்பிக்கப்பட்ட வடிவம், 'டெஃபினிட்டிவ் எடிஷன்' என்ற பெயரில் 2019இல் வந்தது. இங்கே தரும் எண்கள் அந்த வடிவத்திற்கு உரியவை. அவ்வப்போது வரும் புதுப்பிப்புகளில் சில எண்கள் சற்று மாறலாம் என்றாலும் கணக்குப் போடும் முறை மாறாது. படைகளையும் கட்டடங்களையும் திரையில் காணும் பெயர்களாலேயே குறிப்பிடுகிறேன். தமிழ்ப்படுத்தினால் விளையாடும்போது தேடித் திண்டாட நேரும்.

முதல் படி: எதிராளியின் கட்டடங்களைப் பாருங்கள்

ஆட்டத்தின் தொடக்கத்தில் உங்களுக்கு ஒரு ஸ்கௌட் குதிரைவீரன் தரப்படுகிறான். புதியவர்கள் அவனைக் கொண்டு ஆடுகளைக் கண்டுபிடித்ததும், அவனை ஏதோ ஒரு மூலையில் நிறுத்திவிட்டு மறந்துவிடுகிறார்கள். அவனுடைய உண்மையான வேலை அதன் பிறகுதான் தொடங்குகிறது. ஆட்டத்தின் இரண்டாம் கட்டமான ஃபியூடல் காலத்தை அடைந்ததும் ஒருமுறையும், மூன்றாம் கட்டமான காசில் காலத்திற்குச் செல்லும் பொத்தானை அழுத்தியதும் மறுமுறையும் அவனை எதிராளியின் ஊரைச் சுற்றி அனுப்புங்கள். ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டருக்கு மிக அருகில் போகாமல், அதன் அம்புகள் எட்டாத தொலைவிலேயே சுற்றிவந்தால் போதும்.

பார்க்க வேண்டியவை இரண்டு. எந்தக் கட்டடம் எத்தனை இருக்கிறது என்பது முதலாவது: இரண்டு ஸ்டேபிள் இருந்தால் குதிரைப்படை வருகிறது, இரண்டு ஆர்ச்சரி ரேஞ்ச் இருந்தால் வில்படை வருகிறது. வளம் சேர்க்கும் வில்லேஜர்கள் எங்கே குவிந்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது. வயல்களும் தங்கச் சுரங்கமும் நிறைந்திருந்தால் குதிரைமேல் வரும் வாள்வீரர்களான நைட்டுகளை எதிர்பார்க்கலாம், ஏனெனில் ஒரு நைட்டுக்கு 60 உணவும் 75 தங்கமும் வேண்டும். மரமும் தங்கமுமாக ஆட்கள் நின்றால் ஆர்ச்சர்கள் வருகிறார்கள் என்று பொருள். ஓர் ஆர்ச்சருக்கு 25 மரமும் 45 தங்கமும் ஆகும். கட்டடத்தை உங்கள் கண்ணில் படாத இடத்தில் மறைத்துக் கட்டிவிடலாம், ஆனால் வளங்களைச் சேர்க்கும் ஆட்களை மறைப்பது மிகக் கடினம். ஆகவே இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடிந்தது என்றால் வில்லேஜர்களையே பாருங்கள்.

இரண்டாம் படி: எதிர்ப்படையைக் கணக்குப் போட்டுத் தேர்ந்தெடுங்கள்

இவ்விளையாட்டில் ஒரு அடியின் மதிப்பு எளிய கழித்தல் கணக்கு. தாக்குபவரின் தாக்குதிறனிலிருந்து, தாக்கப்படுபவரின் கவசத்தைக் கழிக்க வேண்டும். குறிப்பிட்ட வகைப் படைக்கு எதிரான கூடுதல் தாக்குதிறன் இருந்தால் அதைச் சேர்க்க வேண்டும். விடை எவ்வளவு குறைந்தாலும் ஓர் அடிக்கு 1 புள்ளியாவது சேதம் உண்டு. கவசம் இருவகைப்படும்: கைகலப்புக்கு ஒன்று, அம்புக்கு ஒன்று. இந்த ஒரே விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பட்டியல் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

ஆர்ச்சரும், எறியீட்டி வீரரான ஸ்கிர்மிஷரும் மோதுவதைப் பாருங்கள். இருவருக்கும் உயிர் 30 புள்ளி. ஆர்ச்சரின் தாக்குதிறன் 4, ஸ்கிர்மிஷரின் அம்புக் கவசம் 3; ஆகவே ஒவ்வோர் அம்பும் 1 புள்ளியைத்தான் குறைக்கும், அவரை வீழ்த்த 30 அம்புகள் பட வேண்டும். மறுபக்கம் ஸ்கிர்மிஷரின் தாக்குதிறன் வெறும் 2 என்றாலும், வில்லாளிகளுக்கு எதிராகக் கூடுதலாக 3 உண்டு. ஆர்ச்சருக்கோ அம்புக் கவசமே இல்லை. 6 எறிகளில் ஆர்ச்சர் விழுந்துவிடுவார். ஸ்கிர்மிஷருக்கு 25 உணவும் 35 மரமும் போதும், தங்கம் தேவையில்லை. தங்கம் கொடுத்து உருவாக்கிய படையைத் தங்கமே செலவழிக்காத படை வீழ்த்துவதுதான் இந்த விளையாட்டில் எதிர்ப்படை என்பதன் உட்பொருள். ஆட்டம் நீளும்போது சுரங்கங்கள் வற்றுவதால் இதன் மதிப்பு இன்னும் கூடும்.

நைட்டுக்கு எதிரான கணக்கு சற்று நுட்பமானது, இங்கேதான் பலர் ஏமாந்து போகிறார்கள். ஈட்டி வீரரான பைக்மேன் நைட்டை வெல்லும் என்று கேள்விப்பட்டு, ஒருவருக்கு ஒருவராக நிறுத்திவிட்டு, "வெல்லவில்லையே" என்று வருந்துவார்கள். நைட்டின் உயிர் 100, தாக்குதிறன் 10, இருவகைக் கவசமும் தலா 2. பைக்மேனின் உயிர் 55, தாக்குதிறன் 4, குதிரைப்படைக்கு எதிராகக் கூடுதலாக 22. கவசம் போக ஒரு குத்துக்கு 24 புள்ளி என்பதால் 5 குத்தில் நைட் விழும். நைட்டுக்கோ பைக்மேனை வீழ்த்த 6 வெட்டு தேவை. ஆனால் நைட்டின் வாள், பைக்மேனின் ஈட்டியைவிட வெகு விரைவாக வீசப்படுகிறது. பைக்மேன் ஏறத்தாழ 3 நொடிக்கு ஒருமுறை குத்தும்போது நைட் 2 நொடிக்கும் குறைவான இடைவெளியில் வெட்டுகிறார். ஒருவருக்கு ஒருவர் என்றால் நைட்டே தப்பிப் பிழைப்பார். விலையைச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்: ஒரு பைக்மேனுக்கு 35 உணவும் 25 மரமும், ஆக மொத்தம் 60 வளம், இரண்டு பேருக்கு 120. ஒரு நைட்டின் விலை 135. இருவர் சேர்ந்து குத்தினால் மூன்றாம் சுற்றிலேயே நைட் விழுந்துவிடும், அதற்குள் அவரால் ஒருவரைக்கூட முழுதாக வீழ்த்த முடியாது. எனவே எதிராளியிடம் 10 நைட்டுகள் இருந்தால் 10 பைக்மேன்களோடு போகாதீர்கள். 18 அல்லது 20 பேரோடு போங்கள்.

எந்த நாகரிகத்தைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்பவர்களுக்கு, எதிர்ப்படைக் கலையைக் கற்றுக்கொள்ள பைசண்டைன்களைப் பரிந்துரைப்பேன். ஸ்பியர்மேன் (பைக்மேனின் முந்தைய நிலை), ஸ்கிர்மிஷர், ஒட்டகப்படை ஆகிய மூன்றும் அவர்களுக்கு 25 விழுக்காடு மலிவு. 2022இல் வந்த 'டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா' விரிவாக்கத்தில் திராவிடர்கள் சேர்க்கப்பட்டார்கள். அவர்களுடைய வீரர்கள் தமிழிலேயே பதில் சொல்வதைக் கேட்கும்போது மனம் குளிர்ந்துவிடும், ராஜேந்திர சோழரின் படையெடுப்புகளும் அதில் ஒரு தொடராக உள்ளன. ஆயினும் அவர்களுக்கு நைட் கிடையாது என்பதால், முதல் சில வாரங்களுக்கு வேறொரு நாகரிகத்தோடு பழகிவிட்டு அவர்களிடம் வருவது நல்லது.

மூன்றாம் படி: பிளாக்ஸ்மித்தில் செலவழியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இந்தப் படியை வைத்துக்கொள்ளுங்கள். சமமான எண்ணிக்கையில் மோதியும் தோற்கும் ஆட்டங்களின் மறுபதிவைப் பார்த்தால், பத்தில் ஏழு எட்டு முறை எதிராளியிடம் பிளாக்ஸ்மித் (ஆயுதங்களையும் கவசங்களையும் மேம்படுத்தும் கட்டடம்) மேம்பாடுகள் இருந்திருக்கும், தோற்றவரிடம் இருந்திருக்காது. காரணம் எளிது: புதிய வீரர் ஒருவர் வெளியே வருவது கண்ணுக்குத் தெரிகிறது, கவசத்தில் கூடும் 1 என்ற எண் கண்ணுக்குத் தெரிவதில்லை.

காசில் காலத்தில் வழக்கமாக நடக்கும் மோதலையே எடுத்துக்கொள்வோம். ஆர்ச்சரின் அடுத்த நிலையான கிராஸ்போமேனின் தாக்குதிறன் 5. ஃப்ளெட்சிங், பாட்கின் ஆரோ ஆகிய இரண்டு மேம்பாடுகளும் சேர்ந்தால் 7. எந்த மேம்பாடும் இல்லாத நைட்டின் மீது ஓர் அம்பு 5 புள்ளியைக் குறைக்கும். 20 அம்புகள் பட்டால் அவர் விழுவார். இப்போது அந்த நைட்டுக்கு ஸ்கேல் பார்டிங் கவசத்தைச் செய்துகொடுங்கள், அதற்கு 150 உணவு. அடுத்து செயின் பார்டிங், 250 உணவும் 150 தங்கமும். அம்புக் கவசம் 2இலிருந்து 4 ஆகிறது, அம்பின் சேதம் 3ஆகக் குறைகிறது. ஸ்டேபிளில் பிளட்லைன்ஸ் என்ற மேம்பாட்டை 150 உணவும் 100 தங்கமும் கொடுத்துச் செய்தால் உயிர் 120 ஆகிறது. 120ஐ 3ஆல் வகுத்துப் பாருங்கள்: இப்போது 40 அம்புகள் வேண்டும். வில்படைக்கு எதிரில் ஒவ்வொரு நைட்டும் இரண்டு நைட்டுகளுக்குச் சமமாகிவிட்டார்.

மூன்றுக்கும் சேர்த்து ஆன செலவு 800 வளம். அதே தொகையில் கிட்டத்தட்ட 6 நைட்டுகள்தான் கிடைத்திருப்பார்கள். உங்களிடம் ஏற்கனவே 10 நைட்டுகள் இருந்தால், 6 பேரைச் சேர்த்து 16 ஆக்குவதா, மேம்பாடு செய்து 20 பேரின் தாங்குதிறனைப் பெறுவதா என்பதில் ஐயமே இல்லை. இரண்டு மூன்று நைட்டுகள் மட்டுமே இருக்கும்போது கணக்கு தலைகீழாகும், அப்போது ஆட்களைச் சேர்ப்பதே சரி. ஆறேழு பேர் சேர்ந்ததும் முதல் மேம்பாட்டைத் தொடங்குவது என் வழக்கம்.

வில்படைக்குக் கவசத்தைவிட ஃப்ளெட்சிங் முதலில் வர வேண்டும். அது தாக்குதிறனோடு எட்டும் தொலைவையும் கூட்டுகிறது. பல்கலைக்கழகக் கட்டடத்தில் கிடைக்கும் பாலிஸ்டிக்ஸ், ஓடும் எதிரியின் முன்னால் குறிவைத்து எய்யச் செய்கிறது. அது இல்லாத வில்படையின் அம்புகள் ஓடும் குதிரைகளின் பின்னால் மண்ணில்தான் விழும்.

நான்காம் படி: மோதும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள்

மேட்டிலிருந்து தாழ்வான இடத்தில் இருப்பவரைத் தாக்கினால் சேதம் 25 விழுக்காடு கூடும். கீழிருந்து மேலே தாக்கினால் 25 விழுக்காடு குறையும். ஸ்கேல் பார்டிங் மட்டும் செய்த நைட்டின் மீது மேம்பட்ட கிராஸ்போமேனின் அம்பு 4 புள்ளி குறைக்கும், அதே அம்பு மேட்டிலிருந்து வந்தால் 5 புள்ளி. எதிராளி 150 உணவு கொடுத்துச் செய்த கவசத்தை, நீங்கள் பத்தடி ஏறி நின்றே பயனற்றதாக்கிவிடுகிறீர்கள்.

வரைபடத்தில் மேடுகளைக் கண்டறிய வீரர்களின் தலைகளையல்ல, தரையின் சாய்வைக் கவனியுங்கள். கட்டத்தைக் காட்டும் அமைப்பை இயக்கிக்கொண்டால் சரிவுகள் தெளிவாகத் தெரியும். மேடு கிடைக்காத இடத்தில் காட்டின் ஓரத்தையோ உங்கள் வீடுகளின் வரிசையையோ முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். வில்படையைக் குதிரைகள் சுற்றி வளைப்பதற்குத் திறந்த வெளி வேண்டும். ஒரு பக்கமாவது அடைபட்டிருந்தால் அவர்களில் பாதிப்பேர் முன்னால் இருப்பவருக்குப் பின்னால் முட்டிக்கொண்டு நிற்பார்கள், அடி விழுவது பாதியாகும்.

ஐந்தாம் படி: கட்டளைகளை முன்கூட்டியே அமைத்துக்கொள்ளுங்கள்

போர் தொடங்கிய பிறகு வீரர்களைத் தேடிப் பெட்டி கட்டித் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடும். முன்னணி வீரர்களைத் தேர்ந்தெடுத்து, கண்ட்ரோல் விசையோடு 1ஐ அழுத்துங்கள். வில்லாளிகளுக்கு 2, முற்றுகைப் பொறிகளுக்கு 3. அதன் பிறகு அந்த எண்ணை அழுத்தினாலே அந்தப் பிரிவு உங்கள் கைக்கு வந்துவிடும்.

நிலைப்பாடுகளில் புதியவர்கள் அறிய வேண்டியது இரண்டு. இயல்பாக இருக்கும் 'அக்ரசிவ்' நிலையில் வீரர்கள் கண்ணில் பட்ட எதிரியைத் துரத்திக்கொண்டே போய்விடுவார்கள்; ஓடும் ஒரு ஸ்கௌட்டைத் துரத்திக்கொண்டு எதிரியின் கோட்டையான காசிலுக்கு அடியில் போய் நின்ற படைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 'ஸ்டாண்ட் கிரவுண்ட்' நிலையில் அவர்கள் நின்ற இடத்திலேயே நின்று, எட்டும் எதிரியை மட்டும் தாக்குவார்கள். மேட்டில் நிறுத்தும் வில்லாளிகளுக்கும், கல்லெறியும் பொறிகளான மாங்கொனல்களுக்கும் இதுவே ஏற்றது. படையை நகர்த்தும்போது வெறுமனே சொடுக்கி நகர்த்தாதீர்கள். அப்படி நகர்த்தினால் வழியில் அடிபட்டாலும் திருப்பி அடிக்காமல் நடந்துகொண்டே இருப்பார்கள். தாக்கியபடி முன்னேறும் கட்டளையையோ 'பேட்ரோல்' கட்டளையையோ பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: மோதல்

எண்ணற்ற மோதல்களில் என் நினைவில் நிற்கும் ஒன்றைச் சொல்கிறேன். அரேபியா வரைபடம். என் தங்கச் சுரங்கத்திற்கு மேலே ஒரு சிறு மேடு. அதன் உச்சியில் 16 கிராஸ்போமேன்கள், சரிவின் பாதியில் 12 பைக்மேன்கள், நடுவில் ஒரு மாங்கொனல். எதிராளியின் 12 நைட்டுகள் கீழே திரண்டார்கள். அவர்கள் சரிவில் ஏறத் தொடங்கியதும் வில்லாளிகளை இரண்டாகப் பிரித்து, எட்டெட்டுப் பேராக ஒரே நைட்டைக் குறிவைக்கச் செய்தேன். பைக்மேன்களை எட்டுவதற்குள் இருவர் விழுந்தார்கள். அதுவரை எல்லாம் சரியாகவே போனது. பிறகு மாங்கொனலை மறந்துவிட்டேன். என் பைக்மேன்களோடு நைட்டுகள் நெருக்கிப் பிணைந்திருந்த இடத்தை நோக்கி அது தானாகவே கல்லை வீசியது. பாறை விழுந்த இடத்தில் மூன்று நைட்டுகள் பாதி உயிரை இழந்தார்கள், என் பைக்மேன்கள் ஐந்து பேர் உயிர் குன்றி, அடுத்தடுத்த வெட்டுகளில் சரிந்தார்கள். மாங்கொனலின் கல் தன்னவர் பிறர் என்று பார்ப்பதில்லை. கைகலப்பு தொடங்கியதும் அதற்குத் தாக்காமல் இருக்கும் நிலையைக் கொடுத்துவிடுங்கள், அல்லது எதிரியின் பின்வரிசை நிற்கும் நிலத்தை நேரடியாகக் குறிவைக்கச் சொல்லுங்கள்.

மறுதலையாக, எதிரியின் மாங்கொனல் உங்கள் வில்லாளிகளை நோக்கி வந்தால் ஒரு நொடியும் தயங்காதீர்கள். அதன் தாக்குதிறன் 40, கிராஸ்போமேனின் உயிர் 35. நெருக்கமாக நிற்பவர்கள் ஒரே கல்லில் போய்விடுவார்கள். ஆனால் கல், மெதுவாகத்தான் பறந்து வருகிறது. அது கிளம்பியதைப் பார்த்ததும் படையை இரு பாதியாகப் பிரித்து இரு பக்கமும் நகர்த்துங்கள். கல் காலியான தரையில் விழும்; அடுத்த கல்லுக்கு அது ஆயத்தமாகும் இடைவெளியில், இரண்டு மூன்று நைட்டுகளை அதன் மேல் அனுப்பினால் இரண்டு மூன்று சுற்று வெட்டுகளில் உடைந்துவிடும்.

எய்துவிட்டுப் பின்வாங்கி, மறுபடி எய்வது வில்படையின் புகழ்பெற்ற உத்தி. அதை வாள்வீரர்களுக்கு எதிராகவே பழகுங்கள். நைட்டுகள் வில்லாளிகளைவிட வெகு வேகமானவர்கள். அவர்களுக்கு முன்னால் ஓடினால் எய்யவும் முடியாமல் தப்பவும் முடியாமல் முதுகில் வெட்டுப்பட்டு அழிவீர்கள். குதிரைப்படை வந்தால் பைக்மேன்களுக்குப் பின்னால் நின்று எய்வது, அல்லது டவுன் சென்டருக்குள் புகுந்துகொள்வது, இந்த இரண்டே வழி.

தோற்கப்போகிறோம் என்று தெரிந்தால் முன்னமே விலகுங்கள். காயம்பட்ட நைட்டுகள் காசிலுக்குள் தங்கினால் உயிர் மீளும், மாங்க் எனும் துறவி இருந்தால் வெளியிலேயே குணமாக்குவார்.

ஏழாம் படி: போர் நடக்கும்போதே ஊரையும் பாருங்கள்

சிறு சிறு மோதல்களில் ஒன்றைத் தோற்றும் ஆட்டத்தை வெல்பவர்கள் உண்டு. அவர்கள் உற்பத்தியை நிறுத்தாதவர்கள். மோதல் தொடங்கும் முன்பே ஒவ்வொரு ஸ்டேபிளிலும் ரேஞ்சிலும் நான்கைந்து வீரர்களை வரிசையில் போட்டு, அவர்கள் வந்து கூடும் இடத்தை ஊருக்குள்ளேயே அமையுங்கள். போர்க்களத்திற்கே அமைத்துவிட்டால், ஒவ்வொருவராக நடந்துபோய் எதிரியின் மொத்தப் படையிடம் தனித்தனியே மடிவார்கள்.

இதற்குப் பொருளாதாரம் தாங்க வேண்டும். ஒரு நைட் உருவாக 30 நொடி. இரண்டு ஸ்டேபிள்கள் இடைவிடாமல் இயங்கினால் நிமிடத்திற்கு 4 நைட்டுகள், அதாவது 240 உணவும் 300 தங்கமும். இதற்குத் தங்கத்தில் ஒரு டசன் பேருக்குக் குறையாமல் வேண்டும். வில்லேஜர்களையும் உருவாக்கிக்கொண்டே இருப்பதற்கான உணவைச் சேர்த்தால் ஏறத்தாழ 18 வயல்கள் வேண்டும். இந்த அளவை எட்டாமல் மூன்றாவது ஸ்டேபிள் கட்டினால் அது வெறும் அலங்காரமே. வீடுகளையும் மறக்காதீர்கள், ஒரு வீடு 25 மரத்திற்கு 5 பேருக்கு இடம் தருகிறது, போரின் நடுவில் வீடில்லாமல் உற்பத்தி முடங்குவது மிகவும் வேதனையானது.

எட்டாம் படி: வென்ற பிறகு

எதிராளியின் படை அழிந்ததும் நேரே அவருடைய டவுன் சென்டருக்கு அடியில் போய் நிற்கத் தோன்றும். வேண்டாம், உள்ளே புகும் வில்லேஜர்கள் ஒவ்வொருவராலும் அம்புகள் கூடும். தங்கச் சுரங்கத்தையும் மரவெட்டும் இடத்தையும் பிடித்து, அவர் மீண்டெழும் வழியை அடையுங்கள். கட்டடங்களை இடிக்க ராம்களைக் கொண்டுவாருங்கள். அவற்றின் அம்புக் கவசம் 180 என்பதால் கோட்டையின் அம்புகள் அவற்றைப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. காலாட்படையினரை உள்ளே ஏற்றினால் ராம் வேகமாக உருளும், வலுவாகவும் இடிக்கும். கடைசிக் கட்டமான இம்பீரியல் காலத்தில் கிடைக்கும் பெரிய கல்லெறி பொறியான ட்ரெபுஷேவின் எல்லை 16 கட்டம். எல்லா மேம்பாடுகளும் செய்த காசிலின் அம்பு எல்லையே 11தான். தொலைவிலிருந்து இடிக்கலாம், ஆனால் அதைக் காக்கப் பைக்மேன்கள் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும், வென்றாலும் தோற்றாலும், விளையாட்டு தானே சேமித்து வைக்கும் பதிவைத் திறந்து, பெரிய மோதலுக்கு மூன்று நிமிடம் முந்தைய இடத்தில் நிறுத்துங்கள். இரு பக்கத்து பிளாக்ஸ்மித் மேம்பாடுகளையும், கையில் செலவாகாமல் கிடந்த வளத்தையும், வேலையின்றி நின்ற கட்டடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, அதன் பிறகே மோதலைப் பாருங்கள்.